பக்கத்துல மீட்டிங் எங்க இருக்கு?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

வழக்கமா இங்க கோடிங், வேலை மாறுறது, வாடகை, இஎம்ஐனு பேச்சு போகும். இன்னைக்கு அது எதுவும் இல்ல. "குடியை விட உதவுற குரூப் மீட்டிங் எல்லாம் இருக்காமே, எங்க ஊருக்குப் பக்கத்துல எங்க நடக்குதுனு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இதே கேள்வியை வேற வேற வார்த்தையில நாலஞ்சு பேர் அனுப்பியிருந்தீங்க. கேட்ட எல்லாருமே வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க. குடிக்கிறவர் ஊர்ல இருக்கார். அப்பா, அண்ணன், மாமா.

எனக்கு இது தெரிஞ்சதுக்குக் காரணம் என் சித்தப்பா. ஊர் அருப்புக்கோட்டை. பவர்லூம்ல தறி ஓட்டுறவர், சனிக்கிழமை கூலி. அவர்கிட்ட கேட்டு, "பேரு, தெரு, எத்தனை பிள்ளைங்க, எதுவும் வரக்கூடாதுடா"னு அவர் சொன்ன கண்டிஷனோடதான் பேசுறேன். அடையாளம் தெரியக்கூடாதுனு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி சித்தி போன் பண்ணாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானய்யா இருக்க, பார்த்து ஏதாச்சும் ஒரு எடம் சொல்லேன்"னாங்க. அவங்க மனசுல நான் ஐடி, அதனால எது வேணாலும் கண்டுபிடிச்சுருவேன். [சிரிப்பு]

சரி, தேடுனேன். மேப்ல டாஸ்மாக்னு அடிச்சா அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் கடை, தூரம், மூடுற நேரம், ஸ்டார் ரேட்டிங், ரிவ்யூனு எல்லாமே வருது. குடியை விடுறதுக்குனு அடிச்சா முதல் பக்கம் முழுக்க விளம்பரம். "100 சதவீதம் கியாரண்டி", "நோயாளிக்குத் தெரியாமலே கொடுக்கலாம்". நான் தேடுனது ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிச்சவங்களே கூடி உட்கார்ந்து, இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருக்க ஒருத்தருக்கொருத்தர் உதவுற குழு. அது அந்தப் பக்கத்துலயே இல்ல.

ஏன்னு யோசிச்சா, நம்ம வேலையில இருக்கிறவங்களுக்கு உடனே புரியும். காசு கொடுக்கிறவங்கதான் மேல வருவாங்க. ஏஏ-ல கட்டணம் கிடையாது. வெளியாள் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. மீட்டிங்ல உறுப்பினர்கள் போடுற பத்து இருபதுலதான் டீயும் ரூம் வாடகையும். உறுப்பினர் தன் முகத்தையும் பேரையும் பேப்பர், டிவினு வெளியில காட்டக் கூடாதுங்கிறது அவங்க வழக்கம். முதலாளி இல்ல, பேனர் இல்ல, வீடியோல வந்து சாட்சி சொல்ற ஆளும் இல்ல. இதுக்கு எஸ்இஓ யாரு பண்ணுவா?

அந்தப் "தெரியாம கொடுக்கிற" மருந்து பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். டாக்டர்கள் தர்ற டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு. அதைச் சாப்பிட்டவர் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால நோயாளிக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் பார்வையில மட்டும்தான் கொடுக்கணும். பேரே போடாம பொட்டலத்துல வர்ற பவுடர்ல என்ன இருக்குனு யாருக்கும் தெரியாது. சாம்பார்ல கலந்து கொடுக்கச் சொல்ற எதையும் வாங்காதீங்க.

விளம்பரத்துல இருந்த ஒரு மையத்துக்கும் போன் பண்ணேன். பேர் வேணாம். எடுத்தவர், "நாலு பேரை வண்டியில அனுப்புறோம் சார், தூக்கிட்டு வந்துருவாங்க, மூணு மாசத்துக்கு நீங்க பார்க்க வரத் தேவையில்ல"ன்னார். நான் போனை வச்சுட்டேன். எல்லா மையமும் இப்படி இல்ல. சென்னையில சாந்தி ரங்கநாதன், குடியால கணவரை இழந்தவங்க, 1980-ல ஆரம்பிச்ச டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, நாம டி.டி.கே. ஹாஸ்பிடல்னு சொல்றது, பல வருஷமா நல்ல சிகிச்சை கொடுக்குது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில கிராமத்துலயே முகாம் போட்டும் வைத்தியம் பார்த்திருக்காங்க. ஆனா எந்த மையமா இருந்தாலும் கேளுங்க: மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா, டாக்டர் யாரு, எப்ப வருவார், குடும்பம் வந்து பார்க்கலாமா. குடியால வர்ற மனநிலைப் பாதிப்பும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளதான் வருது. கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு விஷயம் நடந்தது. இந்த எபிசோடுல ஒரே ஒரு பகுதிதான் கேட்பேன்னு சொல்றவங்க இதைக் கேளுங்க.

சித்தப்பா ரெண்டு தடவை தானாவே நிறுத்திப் பார்த்தார். நிறுத்துன மறுநாளே கை நடுங்கும். அறுந்த நூலை முடிச்சுப் போடக்கூட முடியல. ரெண்டாவது தடவை, மூணாம் நாள் ராத்திரி, சுவத்துல ஏதோ ஊருதுனு தட்டிக்கிட்டே இருந்தாராம், சித்தியை அடையாளம் தெரியல. பக்கத்து வீட்டுல காத்து கருப்புன்னாங்க, கோடாங்கியைக் கூப்பிடலாம்னாங்க. சித்தி பயந்து ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துட்டாங்க. நடுக்கம் நின்னுச்சு. "குடிச்சாத்தான்யா மனுஷனா இருக்கார்"னு என்கிட்ட அழுதாங்க.

அது பேய் இல்ல. வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு, திடீர்னு நிறுத்துனா மூளை அளவுக்கு மீறித் தூண்டப்படும். சில மணி நேரத்துலயே நடுக்கம், வியர்வை. முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரலாம். ரெண்டுல இருந்து நாலாம் நாளுக்குள்ள சிலருக்கு டெலிரியம், அதாவது நினைவு தப்பி இல்லாததெல்லாம் தெரியுறது. சிகிச்சை இல்லேன்னா சாவு வரைக்கும் போகும். சிகிச்சை பெரிய மர்மமும் இல்ல: நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற மாத்திரை, அதைப் படிப்படியா குறைக்கிறது, வைட்டமின் பி1 ஊசி, சில நாள் கண்காணிப்பு. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இதைச் செய்வாங்க. நம்ம பக்கம் விருதுநகர்லயே 2022-ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, மதுரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. மனநலப் பிரிவுன்னதும் "எனக்கென்ன பைத்தியமா"னு சித்தப்பா ரெண்டு நாள் சண்டை போட்டார். அப்புறம் நடுக்கத்துக்குனு சொல்லிக்கிட்டு வந்தார். எதுக்குனு சொல்லிக்கிட்டு வந்தா என்ன, வந்தார்.

ஆக, தினமும் குடிக்கிறவர்னா முதல்ல டாக்டர், அப்புறம் மீட்டிங். மீட்டிங்ல மருந்து கொடுக்க மாட்டாங்க.

நான் ஏஏ இந்தியாவோட வெப்சைட்ல தேடி, அதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மதுரைப் பக்கம் ஒருத்தரோட தொடர்பு கிடைச்சது. வயசான குரல். நான் கடகடனு சொல்றேன்: எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷம், லிவர் ரிப்போர்ட் என்ன சொல்லுது. அவர் பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, அவர் என்கிட்ட பேசுவாரா?"ன்னார். நான் கூட்டிட்டு வர்றேங்கன்னேன். "நீங்க கூட்டிட்டு வர வேணாம். என் நம்பரைக் கொடுங்க. அவரா பேசட்டும். நானும் குடிச்சவன்தான்னு சொல்லுங்க."

ஐடி ஆளுக்கு இது கஷ்டம். டிக்கெட் எடுத்தா ஸ்டேட்டஸ் வேணும், டெலிவரி டேட் வேணும். இங்க இன்னொருத்தருக்காக நாம புக் பண்ணவே முடியாது. உறுப்பினர் ஆக அவங்க கேட்கிற ஒரே தகுதி, குடியை நிறுத்தணும்ங்கிற விருப்பம். அந்த விருப்பம் சித்தப்பாகிட்ட இருந்து வரணும். நான் எழுதிக் கொடுத்த நம்பர் பதினெட்டு நாள் காலண்டர்ல குத்தியிருந்துச்சு. பத்தொன்பதாம் நாள் அவரே பேசினார். என்ன பேசுனாங்கனு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இந்த அமைப்பு ஆரம்பிச்சதே ஒரு போன் காலாலதாங்கிறதை அப்புறம்தான் படிச்சேன். 1935 மே மாசம். பில் வில்சன்னு நியூயார்க் பங்குச்சந்தை ஆள், குடியை விட்டு அஞ்சு மாசம்தான் ஆகியிருக்கு. ஒஹாயோல ஆக்ரன்ங்கிற ஊருக்கு ஒரு பிசினஸ் விஷயமா வந்தார், அது ஊத்திக்கிச்சு. ஹோட்டல் லாபில தனியா நிக்கிறார். ஒரு பக்கம் பார்ல இருந்து சத்தம் கேட்குது, இன்னொரு பக்கம் ஊர்ல உள்ள சர்ச்சுகளோட பட்டியலும் போனும் இருக்கு. குடிச்சுருவோமோனு பயந்து ஒவ்வொரு நம்பரா அடிக்கிறார். அவர் கேட்டது எனக்கு உதவுங்கனு இல்ல, இந்த ஊர்ல எனக்கு மாதிரியே குடியில மாட்டிக்கிட்ட யாராவது இருக்காங்களா, நான் அவங்களோட பேசணும்னு. அப்படிக் கிடைச்சவர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜன். பதினஞ்சு நிமிஷம்தான் தருவேன்னு வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்து பேசினார். அதே வருஷம் ஜூன் 10 அன்னைக்குத்தான் பாப் கடைசியா குடிச்சதுனு ஏஏ-ல சொல்றாங்க. அந்த நாளைத்தான் ஏஏ பிறந்த நாளா வச்சிருக்காங்க.

இந்தியாவுக்கும் அது கிட்டத்தட்ட அப்படித்தான் வந்துச்சு. 1957-ல டெல்லியில இருந்த உறுப்பினர்கள் சிலர் பத்திரிகையில விளம்பரம் கொடுத்து ஆள் தேடினாங்க. அதனால "எங்க ஊர்ல மீட்டிங்கே இல்லையே"னு எழுதியிருந்த தங்கச்சிக்கு: இருக்கிற எல்லா ஊர்லயும் ஒரு காலத்துல இல்ல.

சித்தப்பா பேசின அந்த ஆள் சொன்னது மதுரையில ஞாயிற்றுக்கிழமை நடக்கிற மீட்டிங். அருப்புக்கோட்டையில இருந்து காரியாபட்டி வழியா பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்வளவு தூரம் வாராவாரம் எப்படிப் போவார்னு நான் கவலைப்பட்டேன். அவருக்கு அந்தத் தூரம்தான் பிடிச்சிருந்துச்சு.

நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. யார் வண்டி எங்க நிக்குதுனு சாயங்காலத்துக்குள்ள நாலு தெருவுக்குத் தெரியும். கடை வாசல்ல பகல் பன்னிரண்டு மணிக்கு வரிசையில நிக்கிறவருக்குக் கூச்சம் கிடையாது, பக்கத்துல நிக்கிறவரும் அதுக்குத்தான் நிக்கிறார். ஆனா குடியை விட ஒரு ரூமுக்குள்ள போறதைப் பார்த்துட்டா, "என்ன, பெரிய ஆளாயிட்டியா"னு கேலி. பொண்ணு பார்க்க வர்றவங்க விசாரிக்கிறப்ப "அவரா, குடிக்கு வைத்தியம் பார்த்தவராச்சே"னு வரும். குடிக்கிறார்ங்கிறது விசாரணையில வராது, அது எல்லா வீட்டுலயும் இருக்கு. அதனால உள்ளூர் மீட்டிங்னு தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: மிகப் பக்கத்துல இருக்கிறதே சரியான மீட்டிங்னு எடுத்துக்காதீங்க. வாராவாரம் போற தூரத்துல இருக்கணும், அவரைத் தெரிஞ்சவங்க பார்க்காத தூரத்துலயும் இருக்கணும். எந்த மேப்லயும் இப்படி ஒரு ஃபில்டர் இல்ல.

மீட்டிங்ல ரெண்டு வகை. குளோஸ்டு மீட்டிங் குடிச்சவங்களுக்கு மட்டும். ஓப்பன் மீட்டிங்குக்கு யாரும் போகலாம். அப்படி ஒரு ஓப்பன் மீட்டிங்குக்கு சித்தப்பா கேட்டு நான் ஒரு தடவை போனேன். அங்க கேட்ட யாரோட கதையையும் சொல்ல மாட்டேன், அதுதான் அங்க இருக்கிற ஒரே பேச்சு வார்த்தை. பிளாஸ்டிக் சேர், டீ, பிஸ்கட். பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"னு சொல்லிட்டுப் பேச ஆரம்பிக்கிறாங்க. நடுவுல யாரும் குறுக்க பேசுறதில்ல, அறிவுரை சொல்றதில்ல. தமிழ்நாட்டுல ஒன்றரை மணி நேரம் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லாம ஒரு ரூம்ல இருந்ததை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வர்றப்ப பஸ்ல சித்தப்பா ஒண்ணு சொன்னார். "மொதநாளு போனப்ப, எந்த ஊரு, யாரு மகன், நீங்க என்ன ஆளுக, ஒருத்தன் கேக்கலடா." நம்ம பக்கத்துல புது ஆளைப் பார்த்தா இந்த மூணு கேள்வி கேட்காம தண்ணி கூடக் கொடுக்க மாட்டாங்க. மூணாவது கேள்வி எதுக்குனு உங்களுக்கே தெரியும். பேரைத் தவிர எதுவும் கேட்காத ஒரு இடத்துக்கு ஐம்பத்தி சொச்சம் வயசுல முதல் தடவையா போயிருக்கார். அனானிமஸ்ங்கிற வார்த்தைக்கு நான் அதுவரைக்கும் ரகசியம்னு மட்டும்தான் அர்த்தம் வச்சிருந்தேன்.

கடவுள் விஷயம் பலர் கேட்டிருந்தீங்க. ஏஏ-யோட பன்னிரண்டு படிகள்ல, நம்மளைவிடப் பெரிய ஒரு சக்தினு வருது, கடவுள்ங்கிற வார்த்தையும் வருது. சித்தப்பா பெரியார் கட்சி. கோயில் வாசல்ல செருப்பைக்கூட விட மாட்டார். முதல் வாரமே இதைக் கேட்டிருக்கார். "இந்த ரூம்ல இருக்கிற பத்துப் பேரும் சேர்ந்து உங்களைவிடப் பெரிய சக்தியா இல்லையா, அதைச் சொல்லுங்க"னு பதில் வந்துச்சாம். அவர் அதை ஒத்துக்கிட்டார். சிலருக்கு இது ஒத்து வராது, அதுவும் பரவாயில்ல. அவங்களுக்கு மனநல டாக்டர், கவுன்சிலிங், குடி மேல ஏக்கத்தைக் குறைக்கிற மருந்துகள்னு வேற வழி இருக்கு. மீட்டிங்குக்குப் போறவங்களும் இதெல்லாம் சேர்த்தே செய்யலாம்.

இது வேலை செய்யுமா? 2020-ல காக்ரேன் குழு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க, பத்தாயிரத்துக்கும் மேல ஆளுங்க. ஏஏ-யும், அதுல ஆளைச் சேர்த்துவிடுற முறையான சிகிச்சையும், முழுசா குடிக்காம இருக்கிற விஷயத்துல மத்த உளவியல் சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் மேலயே இருந்துச்சு. அதுல பெரும்பாலானது மேலை நாட்டு ஆய்வுங்கிறதையும் சொல்லணும். நம்ம நாட்டு நிலைமைக்கு 2019-ல வந்த எய்ம்ஸ் சர்வே இருக்கு: குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில சேர்ந்து பார்த்தவங்க 180 பேர்ல ஒருத்தர்.

சித்தி பத்தியும் சொல்லணும். குடும்பத்துக்குனு தனியா ஆல்-அனான்னு ஒண்ணு இருக்கு. பில் வில்சனோட மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோட சேர்ந்து 1951-ல ஆரம்பிச்சது. சித்திகிட்ட சொன்னேன். "நான் எதுக்குய்யா போகணும்? குடிச்சது அவரா நானா?" நியாயமான கேள்வி. இருபது வருஷம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கூலியை ஒளிச்சு வச்சு, மில்லுக்குப் போன் போட்டு "காய்ச்சல்"னு பொய் சொல்லி ஓட்டுனவங்க. அவர் நிறுத்தின பிறகும் ராத்திரி எட்டு மணியானா வாசல்ல வந்து நின்னுக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவை மட்டும் போயிருக்காங்க. "எல்லாரும் என்னய மாதிரியே இருக்காளுகய்யா"னு சொன்னாங்க. அப்புறம் போகல. பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் ஒத்து வரலங்கிறாங்க. ஒரு வீட்டுல இருந்து ரெண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனா, ஊர் கண்டிப்பா கேட்கும். ஆன்லைன் மீட்டிங் இருக்கு, கொரோனாவுக்கு அப்புறம் நிறையவே வந்துருச்சு. ஒரு ரூம் வீட்டுல ஹெட்போன் போட்டுக்கிட்டு அதுல யார் பேச முடியும்?

சித்தப்பா நடுவுல ஒரு தடவை குடிச்சார். பங்குனிப் பொங்கல் சமயம், மச்சினன் வாங்கிக் கொடுத்தது. மூணு நாள். சித்தி எனக்குப் போன் பண்ணி "அம்புட்டுதான்யா"ன்னாங்க. நாலாம் நாள் அவர் மதுரைக்காரருக்குப் போன் போட்டிருக்கார், திட்டு விழும்னு நினைச்சுக்கிட்டு. அவர் "டாக்டரைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை வாங்க"னு மட்டும் சொல்லி வச்சுட்டாராம். திரும்ப ஒண்ணுல இருந்து நாள் எண்ண ஆரம்பிச்சார். இந்த எபிசோடு பதிவு பண்றப்ப ஏழு மாசம் ஆகுது.

நம்பர்களைச் சொல்லிடுறேன், எழுதிக்கோங்க. 14446, மத்திய அரசோட போதை மீட்பு இலவச ஹெல்ப்லைன். 14416, டெலிமானஸ், மனநல உதவி, தமிழ்லயும் பேசலாம். ஏஏ-க்கு, ஏஏ இந்தியாவோட அதிகாரப்பூர்வ வெப்சைட்டுக்கு நேரா போங்க, விளம்பரத்துல வர்ற நம்பரை எடுக்காதீங்க. நேரமும் இடமும் மாறிக்கிட்டே இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. வலிப்பு, நினைவு தப்புறது, இல்லாதது தெரியுறதுனா எந்த ஹெல்ப்லைனும் வேணாம், நேரா 108.

சித்தப்பா இப்ப அருப்புக்கோட்டையிலயே ஒரு மீட்டிங் ஆரம்பிக்கலாமானு யோசிச்சுக்கிட்டு இருக்கார். திருச்சுழி, பந்தல்குடி பக்கமிருந்து வர்றவங்களுக்கும் அது வசதி. போர்டு இல்லாத ஒரு ரூம் வேணும், ரெண்டு வாசல் இருந்தா நல்லதுங்கிறார். ஆரம்பிக்க இன்னொரு ஆள் போதும். தறியில கூட வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட சித்தப்பா தன் நம்பரைக் கொடுத்து அஞ்சு வாரம் ஆச்சு. அவர் இன்னும் பேசல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.